அக்கா கொடியில் போட்ட துணிகள்

லிஃப்ட் கம்பெனியில் பழுதான மின்சுற்று போர்டுகளைச் சரிபார்க்கும் அந்த மனிதரை உடன் வேலை செய்கிறவர்கள் 'ஈயம்' என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டையில் எப்போதும் பற்றவைத்த ஈயத்தின் வாடை அடிக்கும் என்பது ஒரு காரணம். அக்கா செத்த அன்றுகூட முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் நின்றாரே, அது இன்னொரு காரணம் என்று பின்னால் சேர்த்துக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மனிதர் கல்நெஞ்சக்காரர் இல்லை. அழுகை வரவில்லை, அவ்வளவுதான். பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி உடம்பு மொத்தமும் மரத்துக் கிடந்தது.

சின்ன வயதில் அக்காவுக்கும் அவருக்கும் சேர்த்து ஒரே ஒரு கம்ப்யூட்டர். டிவியில் மாட்டிப் பார்க்கிற வகை, கேசட்டில்தான் எதையும் சேமிக்க வேண்டும். யார் முறை என்று தினமும் அடிதடி. தம்பி விளையாட்டு புரோகிராம் எழுதுவான், அக்கா படம் வரைவாள். அதில் டிவிக்குப் படம் அனுப்பும் கலர் கார்டு சுத்த மோசம். வெளிச்சத்தையும் நிறத்தையும் ஒரே வயரில் கலந்து அனுப்பும். உருவங்களின் ஓரமெல்லாம் ஈரத் துணியில் சாயம் ஊறுவதுபோல ஊறும். தம்பி அதைத் திட்டும்போதெல்லாம் அக்கா பழிப்புக் காட்டுவாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

"பாத்துக்கிட்டே இரு. பெரியவனானதும் நானே நல்ல கார்டு செஞ்சு தரேன்."

"கிழிச்ச!"

கிழிக்கத்தான் இல்லை. வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று காலம் போனது. கம்ப்யூட்டர் அக்கா வீட்டுப் பரணுக்குப் போனது. அவள் போன பிறகு அத்தான் அதை இறக்கி, மின்சாரம் கொடுத்தார். கார்டு குப்பென்று புகைந்து அடங்கியது. கம்ப்யூட்டரையும் ஒரு கேசட்டையும் அள்ளிக்கொண்டு நேராக ஈயத்தின் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"மாப்ளே, இந்தக் கேசட்டுல அவ வரைஞ்ச படம் ஒண்ணு இருக்கு. கொடியில துணி காயுற படம். கல்யாணமான புதுசுல காட்டினா. இன்னொரு தடவ பாத்துட்டாப் போதும் எனக்கு."

"இதுல உள்ள சிப்பு இப்ப எங்கயும் கிடைக்காது அத்தான். கார்டையே புதுசா செய்யணும்" என்றார் ஈயம்.

செய்தார். சொன்ன சொல்லை அக்கா இருக்கும்போது காப்பாற்றவில்லை, இப்போதாவது காப்பாற்ற வேண்டும் என்ற ஒரே எண்ணம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி வயர். நினைவகம் பழையதைப்போல இரண்டு மடங்கு. ஓரத்தில் ஒரு புள்ளிகூட ஊறக் கூடாது. ஒருநாள் மனைவி குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள். மனிதர் வழித்துச் சாப்பிட்டு எழுந்துவிட்டார்.

"உப்பில்லன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று அவள் அழுதாள்.

"இல்லையா?" என்று கேட்டுவிட்டுக் கார்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை அத்தானை வரவழைத்தார். திரையில் எழுத்துகள் கத்தியால் வெட்டியதுபோலத் தெரிந்தன. கேசட்டை ஓட்டினார். கொடி வந்தது, கம்பங்கள் வந்தன, துணிகள் வந்தன. துணி முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள்! மருந்துக்கும் நிறம் இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. மீட்டரை எடுத்து ஒவ்வோர் இணைப்பாகத் தொட்டுப் பார்த்தார். எங்கும் ஒரு பிசகும் இல்லை.

அத்தான் திரையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார். "அவ கோடு கோடாத்தான் போட்டதாச் சொல்லுவா, மாப்ளே."

"என்னது?"

"கோட்ட நெருக்கிப் போட்டா டிவி ஏமாந்துருமாம். கம்ப்யூட்டரோட வந்த புஸ்தகத்துல போடாத கலரெல்லாம் காட்டுமாம். ஒரு புள்ளி தள்ளிப் போட்டா வேற கலராம். 'தம்பிகிட்ட சொல்லிராதீங்க, ரிப்பேர் பண்ணிருவான்'னு சிரிப்பா."

ஈயத்துக்கு முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷமாக ஒரு வார்த்தை சொல்லவில்லையே! கூடம் கோணல் என்று அவர் கத்திக்கொண்டிருந்தபோது அவள் அந்தக் கோணலுக்கு ஏற்றபடி ஆடியிருக்கிறாள். அவர் ஒழித்துக்கட்டிய கோளாறுதான் அவளுடைய சாயப்பெட்டி.

மறுபடி உட்கார்ந்தார். பிரித்த மூன்று நிறங்களையும் பழையபடி ஒரே வயரில் கலக்க ஒரு மின்சுற்று சேர்த்தார். கோளாறைச் சரிசெய்வது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு, கோளாறைப் பிசகாமல் செய்வதுதான் பெரும்பாடாக இருந்தது. அடுத்த ஞாயிறு, அக்கா வீட்டுப் பரணில் கிடந்த பழைய டிவியில் மாட்டி, இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துணிகளில் நிறம் ஏறியது. அப்பாவின் நீலச் சட்டை. அம்மாவின் ஊதாப் போர்வை. கொடியின் கடைசியில், செங்கல் நிறத்தில், பின்பக்கம் ஒட்டுப்போட்ட ஒரு குட்டி டவுசர்.

"இது யாரோடது?" என்றார் அத்தான்.

"என்னுது. ஒட்டு... அக்காதான் தச்சுக் குடுத்தா."

சொல்லும்போதே குரல் உடைந்தது. அத்தான் பதறி சுவிட்சை அணைக்கக் கை நீட்டினார்.

"அணைக்காதீங்க அத்தான்."

ஊசியின் மரப்பு இறங்கிவிட்டது. வலிக்கத் தொடங்கியிருந்தது.