பச்சைக்கு அடியில் மஞ்சள்

என் வீட்டுக்காரர் சந்தோஷுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அயனம்பாக்கத்தில் வீட்டுக்குள் நுழைந்ததும், சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு வாசலில் நிற்கும் ஜீப்பிடம் போய்விடுவார். அவர் பிறப்பதற்கு முன்பே ஓடிய வண்டி. காடு மேடெல்லாம் ஏறுவதற்காக யார் யாரோ மாற்றிக் கட்டியது. சென்னீர்குப்பத்து ஷெட் ஒன்றில் வாங்கி, பச்சை பெயிண்ட் அடித்து, "மிலிட்டரி ஏலத்துல எடுத்த ஒரிஜினல்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். ராணுவத் தொழிற்சாலை இருக்கும் ஆவடிப் பக்கம் அதற்குத் தனி மரியாதை. ஞாயிற்றுக்கிழமை ஜீப் ஓட்டும் கூட்டம் அவரை 'மேஜர்' என்றே கூப்பிட்டது. எனக்குச் சிரிப்பாக வரும்.

அந்தச் சிரிப்பு குமணன்சாவடியில் நின்றுபோனது. ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினார்; வண்டி திரும்பாமல் நேரே பஸ்ஸைப் பார்த்துப் போனது. மயிரிழையில் தப்பினோம். பின்சீட்டில் எங்கள் மகள் வர்ஷா இருந்தாள்.

"ஞாயித்துக்கெயமைக்குள்ள சரியாவணும். இல்லாங்காட்டி வித்துரு" என்று சொல்லிவிட்டேன்.

சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனையில் இருக்கும் பால் ஜாயிண்ட் தேய்ந்திருந்தது. புதுப்பேட்டை உதிரிபாகக் கடையில் ஜீப் ஜாயிண்ட் வாங்கி வந்தார். துளையில் நிற்காமல் ஆடியது. வேறு மாடல் வாங்கினார், அதுவும் ஆடியது. பல் தேய்க்கும்போதும் வண்டியைச் சுற்றி வந்தார். படுத்தாலும் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை காலை கம்பியைக் கழற்றித் தரையில் போட்டு, புது ஜாயிண்டின் மேல் தகரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். இறுக்கமாக்கி எப்படியாவது அடித்து இறக்கிவிடும் யோசனை. ஓடும்போது கழன்றால் அவ்வளவுதான். தோசைத் திருப்பியோடு ஓடிவந்து, கோபத்தில் கம்பியின் மேலேயே ஒன்று போட்டேன். பச்சை உரிந்தது. அடியில் மஞ்சள். சுரண்டச் சுரண்ட, பள்ளிக்கூட வேனின் மஞ்சள்.

"இன்னாயா இது?"

"ஸ்கூல் வேன் ஸ்டியரிங்க கயட்டி இதுல மாட்டிக்கீறானுங்க. வாங்குன அன்னிக்கே தெரியும். நான்தான் மேல பச்ச அடிச்சேன்."

"அப்போ வேன் ஜாயிண்ட் கேக்க வேண்டிதுதானே?"

"கடைல நம்ம பசங்க நின்னுகினு இருப்பானுங்க பானு. மேஜருக்கு வேன் சாமானான்னு ஓட்டுவானுங்க."

"உன் மேஜர் பட்டத்துக்கு எம்பொண்ணு பலியா?"

கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நம்பிக்கை இல்லாமல் நானும் கூடவே போனேன்.

கடையில் அந்தக் கூட்டத்து ஆட்கள் மூன்று பேர் நின்றிருந்தார்கள். அவர் வாசலிலேயே இரண்டு தடவை முன்னும் பின்னும் நடந்தார். பிறகு உள்ளே போய், சுரண்டிய பக்கம் தெரியும்படி கம்பியை மேஜைமேல் வைத்தார்.

"அண்ணாத்தே, ஸ்கூல் வேன் பால் ஜாயிண்ட் குடு. என் ஜீப்புக்குத்தான்."

கடையே சிரித்தது. அவர் காது சிவந்தது, ஆனால் தலை குனியவில்லை. வந்த கோபமெல்லாம் போய், எனக்கு அவர்மேல் பாசம் பொங்கியது.

அந்த ஜாயிண்ட் துளையில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி குமணன்சாவடி. வர்ஷாவை வீட்டில் விட்டுவிட்டு, நான் மட்டும் முன்சீட்டில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். சிக்னலில் பைக்கில் வந்த ஒருவன் எட்டிப் பார்த்தான்.

"மிலிட்டரி வண்டியா மாமே?"

நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"பாதி ஸ்கூல் வேன், நைனா" என்று சொல்லிவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினார். வண்டி சொன்ன பக்கம் திரும்பியது. நான் கைப்பிடியை விட்டேன்.

"ஊட்டுக்குப் போ. வர்ஷாவ ஏத்திக்கலாம்" என்றேன்.