காத்தமுத்து பயில்வானின் முதுகு

கடந்த வெள்ளிக்கிழமை காலை டிக்கோயா பஸ்ஸிலிருந்து இறங்கிய தோட்டத்து ஆள் ஒருவர் நேராக அட்டனில் உள்ள எங்கள் கடைக்கு வந்து, "சின்ன மொதலாளி, நம்ம பயில்வான் ஆஸ்பத்திரியில தவறிட்டாருங்க" என்றார். நெஞ்சுச்சளியாம். கையிலிருந்த பருப்புப் படியை எங்கே வைத்தேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

காத்தமுத்து பயில்வானை உங்களுக்கெல்லாம் தெரியும். வார நாட்களில் கவ்வாத்துக் கத்தியோடு தேயிலைச் செடிகளை வெட்டுவார். ஞாயிறுகளில் குஸ்திக் களத்தில் எங்களை வெட்டுவார். பத்து ஆண்டுகள் அவரோடு மோதியும் ஒரு தடவைகூட அவர் முதுகை நான் மண்ணில் பார்த்ததில்லை. என் முதுகோ அங்கேயே குடியிருந்தது. வென்றவர் தோற்றவரைத் தூக்கி நிறுத்தி முதுகு மண்ணைத் தட்டிவிடுவது எங்கள் களத்து வழக்கம். மற்றவர்கள் கடமைக்கு இரண்டு தட்டு தட்டுவார்கள். பயில்வான் கடைசி மண் உதிரும்வரை விடமாட்டார். "விழுந்தவன் மண்ணோட வீட்டுக்குப் போகக்கூடாதுங்க" என்பார்.

வெளிநாட்டுப் போட்டிக்கு ஆள் எடுக்கக் கொழும்பில் தேர்வு வைத்தார்கள். அவர் முதலாவது, நான் இரண்டாவது. பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்டார்கள். இந்தியாவிலிருந்து வந்த எங்கள் சனம் மனுப் போட்டுத்தான் அதை வாங்க வேண்டியிருந்தது. அவர் மனுவை முன்பே தள்ளியிருந்தார்கள். இளவயதில் குஸ்தி கற்கத் திருச்சிப் பக்கம் போனவர் பதினாலு மாதம் தங்கிவிட்டார். ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தவருக்கு உரிமை இல்லை என்றது சட்டம். எங்கள் குடும்பம் கடைவாசலைத் தாண்டாத குடும்பம். சோம்பலுக்குப் பரிசாக எங்களுக்குப் பத்திரம் கிடைத்திருந்தது.

"ரெண்டு மாசம் முந்தி வந்திருக்கக் கூடாதா?" என்று அவரிடம் கத்தினேன்.

"அந்த ரெண்டு மாசத்துலதாங்க இடுப்புப் பிடியே எனக்குக் கைக்கு வந்துச்சு. அது இல்லாம வந்து என்ன செய்ய?" என்றார்.

அவர் இடத்தில் நான் போனேன். ஆசை வெட்கமறியாது. அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்து என் பெட்டியை ரயிலில் ஏற்றியவர் அவர்தான். ரயில் வளைவு திரும்பும்வரை மேடையில் தனியாக நின்றார்.

முதல் சுற்றிலேயே சோவியத் நாட்டு ஜோர்ஜியாக்காரர் ஒருவர், ஜூடோவிலும் பெரிய வீரராம், கண் மூடித் திறப்பதற்குள் என்னை மெத்தையில் மல்லாத்திவிட்டுக் கைகுலுக்கிப் போனார். அங்கே மண் இல்லை, தட்டிவிட ஆளும் இல்லை. அத்தனை சனத்துக்கு நடுவில் அப்படித் தனியாக நான் என்றுமே நின்றதில்லை.

திரும்பி வந்தபோது பயில்வான் தோல்வியைப் பற்றிக் கேட்கவில்லை. "முதுகத் தட்டிவிட்டாங்களா?" என்றுதான் கேட்டார். இல்லை என்றேன். என்னைத் திருப்பி நிறுத்தி, சுத்தமாக இருந்த சட்டையை வெகுநேரம் தட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு, "எப்பிடிப் புடிச்சான்? என்கிட்ட செஞ்சு காட்டுங்க" என்றார். அந்த ஜோர்ஜியாக்காரர் பிடித்தபடியே அவரைப் பிடித்தேன். அடுத்த கணம் நான் மண்ணில் கிடந்தேன். போயிருக்க வேண்டியவர் யார் என்று இருவருக்கும் புரிந்துவிட்டது. என்னைத் தூக்கி நிறுத்தி, வழக்கம்போல மண்ணைத் தட்டிவிட்டார்.

சனிக்கிழமை தேயிலைச் சரிவில் அவரை அடக்கம் செய்தோம். நானே குழிக்குள் இறங்கி, அவரை வாங்கிக் கிடத்தினேன். அவர் முதுகு மண்ணில் பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது முதுகில் அந்த உள்ளங்கை மட்டுமே. வீட்டு வாசலுக்கு வந்தபோது குழியின் செம்மண் சட்டை முதுகில் அப்பியிருந்தது. தட்டிப் பார்த்தேன், கை எட்டவில்லை. மண்ணோடுதான் உள்ளே போனேன்.