பெல்ட்டைக் கழற்றச் சொன்னவர்

குவைத்தின் ஃபஹாஹீலில் ஒரு அரபி வீட்டில் பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் விற்பனைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். காரைப் பராமரித்தவர் அந்த வீட்டு டிரைவர், ராமநாதபுரத்துக்காரர். ஒல்லியான மனிதர். மோதிரம், வாட்ச் எதுவும் கிடையாது. பட்டன் இல்லாத பனியன், நாடா கட்டிய பேண்ட். எல்லாம் காரில் கீறல் விழாமலிருக்க.

"பெல்ட்டக் கழட்டிட்டுப் பாருங்க சார். ஒரு கோடு விழுந்தாலும் கபீல் என்னைய ஊருக்கு ஏத்தி விட்ருவாரு."

கபீல் என்றால் அவருக்கு விசா கொடுத்த முதலாளி, அந்த வீட்டு அரபி. நான் சிரித்துக்கொண்டே சட்டையை வெளியே இழுத்து பக்கிளை மூடிக்கொண்டேன். அந்தக் காருக்கு எஞ்சின் சீட்டுக்குப் பின்னால் இருந்தது. அதை எட்டிப் பார்க்கக் குனிந்தபோது கீச்சென்று ஒரு சத்தம். சிவப்புப் பெயின்ட்டில் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு.

அவர் முகம் வெளிறிப்போனது. அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு கபீல் வந்தார். டிரைவர் சட்டென்று கோட்டின்மேல் உள்ளங்கையை ஊன்றி, காரில் சாய்ந்து நின்றார்.

"யல்லா, போயிருங்க சார்," என்றார் மெதுவாக. "ரெண்டு பேரும் மாட்ட வேணாம்."

போய்விட்டேன். போகும்போது கபீலுக்குச் சலாமும் சொன்னேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். டிரைவரின் கை அந்தக் கோட்டின் மேலேயே இருந்தது.

எப்போதாவது அதை எடுத்துத்தானே ஆகவேண்டும்.