கிறவல் வீரனும் எழும்பி நின்ற மீட்டரும்

இன்று வேர்ஹவுஸில் கோப்பி நேரம். கூட வேலைசெய்யும் லார்ஸ், கிரேக்கத்துக் கிறீட் தீவின் மலைப்பாதைப் படத்தைக் காட்டி, "இப்படிக் கல்லும் மண்ணுமான கிறவல் றோட்டிலை சைக்கிள் ஓடுவியா?" என்றான்.

"கிறவல் றோட்டோ! வன்னியிலை ரெண்டு மூட்டை நெல்லோடை புயலையே முந்தின கால் இது!"

லார்ஸ் சொக்கிப்போனான். "வாற மாதம் அங்கை சைக்கிள் பயணம் போறம். முதல் நாள் ஆயிரத்து எண்ணூறு மீட்டர்தான்."

ரெண்டு கிலோமீட்டர்கூட இல்லை! கோப்பி ஆறமுதல் முடிப்பேன் என்று, அந்தப் பயணத்துக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன்.

வீட்டில் இதைச் சொன்னதும் மகள் சிரித்துச் சிரித்துக் கதிரையால் விழுந்தாள். "அப்பா, அது தூரமில்லை, ஏற வேண்டிய உயரம்!"

மலையே இல்லாத டென்மார்க்கில், இந்த ஹோர்சன்ஸ் நகரத்து முப்பது வருட வாழ்வில் நான் ஏறிய இமயம் ரெயில்வே பாலம் ஒன்றுதான்.

இவ்வளவு நாளும் படுத்துக் கிடந்த மீட்டர் எப்போது எழும்பி நின்றது? விளங்கின ஆக்கள் சொல்லுங்கோ. லார்ஸுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.