நங்கூரம் செய்தவன் நான்

பல்லேகலவில் நாலு தொழிற்சாலைக்குக் கூரை போட்டவன் நான். பிலிமத்தலாவையில் மெயின் ரோட்டிலேயே சொந்த இரும்புப் பட்டறை வைத்திருக்கிறேன். படித்தது மூன்றாம் வகுப்பு.

போன ஞாயிறு நான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக் கோவில் திருநாள். புனித கிளமெந்து பாப்பரசர் சுரூபத்தின் கழுத்தில் தொங்கும் இரும்பு நங்கூரத்துக்குக் கீழே, ‘ரோமிலிருந்து வந்தது’ என்று அட்டை ஒட்டியிருந்தார்கள். நங்கூரத்தைத் தொட்டேன். கையில் ஏறிய துரு வாசம் என்னைப் பன்னிரண்டு வயதுக்குக் கொண்டுபோய்விட்டது.

சுரூபத்தில் முன்பு தொங்கிய பழைய மர நங்கூரத்தைக் கறையான் தின்ற வருஷம் அது. கோவிலில் வேதம் படிப்பிக்கும் உபதேசியார் எங்களுக்குப் பாப்பரசர் கதை சொன்னார்.

“பாப்பரசர ராசா கல்லுடைக்க அனுப்பினான். அங்கயும் கைதிகளுக்குத் தண்ணி கண்டுபிடிச்சுக் குடுத்தாரு, வேதம் சொன்னாரு. வாய மூடலன்னு கழுத்துல நங்கூரத்தக் கட்டிக் கடல்ல போட்டானுங்க.”

ரோட்டுக்குக் கல்லுடைக்கும் என் அப்பா, “அப்ப நம்ம ஆளுதான்” என்றார். அப்படியொரு தைரியசாலியை அதுவரை நான் கேள்விப்பட்டதில்லை.

அன்றைக்கு நான் கடலையே பார்த்ததில்லை. தேயிலை மலையில் மண் கிளறும் முள்ளு ஒன்று பிடி உடைந்து கிடந்தது. அதைத் தோட்டத்து உலையில் காய்ச்சி, நாலு பல்லையும் வளைத்தேன்.

உபதேசியார் சிரித்தார். “நங்கூரத்துக்கு ரெண்டு பல்லுதான்டா!”

“மலையில நிக்க நாலு வேணுங்க” என்றேன். அவரே அதை வாங்கிச் சுரூபத்தில் மாட்டினார்.

பங்குச் சுவாமிக்குச் சொல்கிறேன்: மண் முள்ளில் செய்த நங்கூரம் ரோமில் கிடைக்காது. அந்த அட்டையைக் கிழித்துவிட்டு என் பெயரைப் போடுங்கள். பித்தளைத் தகடு நானே வெட்டித் தருகிறேன்.