கையெழுத்து இல்லாத மூன்றாவது பதில்

கிளடிஸ் மன்னாரிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்தது 1985 மார்ச் 9. அஜின்கோர்ட்டில் நான் இருக்கும் கட்டடத்தில், எனக்கு இரண்டு மாடி மேலே இருக்கிறார். ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. தமிழ்ப் பெண் யாராவது நோயாளியாக வந்தால், மொப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு மொழிபெயர்க்கப் போவார். அதற்குச் சம்பளம் இல்லை.

1987இல் அப்படி ஒரு பெண்ணுக்காகப் போனார். கருவைக் கலைக்க மூன்று மருத்துவர்களாவது உள்ள ஒரு குழு அனுமதி தரவேண்டும் என்பது அன்றைய சட்டம். பதில் வர இருபத்துமூன்று நாள் எடுத்தது. குழுவில் எவரும் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை.

"அவள் என்ர கையைப் பிடிச்சு அழுதாள், அண்ணை. முடிவெடுக்கிறவை ஆரெண்டே எங்களுக்குத் தெரியாது" என்றார் என்னிடம்.

மறு ஆண்டு ஜனவரி 28இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. புதிய சட்டம் வேண்டுமா என்பது அரசியல்வாதிகளின் கைக்குப் போனது.

1988 நவம்பர் 12. பாராளுமன்றத் தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வந்த வேட்பாளரை எங்கள் லொபியில் கிளடிஸ் மறித்தார். கேள்வி ஒன்றுதான்: இதை முடிவு செய்வது யார்? பதிலை நான் கொப்பியில் எழுதினேன். "கருவை முதல் நாளிலிருந்தே சட்டம் காக்கவேண்டும்." அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்து வைத்தார். தேர்தலில் வென்றார்.

அன்றைய அரசு கொண்டுவந்து 1990இல் கீழவையில் நிறைவேறிய புதிய கருக்கலைப்புச் சட்டம், 1991 ஜனவரி 31இல் மேலவையில் 43க்கு 43 என்று சமமாகி விழுந்தது. 1993 அக்டோபர் 16இல் அதே மனிதர், அதே லொபியில், "அது பெண்ணும் மருத்துவரும் முடிவு செய்யவேண்டியது" என்றார். அதற்கும் கையெழுத்து இருக்கிறது. அந்தத் தேர்தலிலும் வென்றார். அவருடைய பெயரும் கட்சியும் கொப்பியில் உள்ளன. இங்கே வேண்டாம்.

1997 மே மாதம் மூன்றாவது தேர்தல் வந்தபோது, கிளடிஸின் தாயார் மடு அகதி முகாமில் இருந்தார். அவரை இங்கே அழைக்கும் ஸ்பொன்சர் விண்ணப்பத்துக்கு உதவுவதாக அதே பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலகம் சொல்லியிருந்தது. அவருடைய கட்சிக்காகத் தமிழர் வாக்குச் சேர்க்கும் பிரியந்தன், அவரது தேர்தல் கூட்டத்துக்கு முன்பே கிளடிஸைத் தேடி வந்துவிட்டான்.

"அன்ரி, உந்தக் கேள்வியை இந்தமுறை விடுங்கோ. அம்மான்ர ஃபைல் அவற்ற மேசையிலதான் கிடக்கு."

"மேசையில கிடக்கட்டும். அதால என்ர வாயை ஏன் அடைக்கிறாய்?"

"மாதா கோயிலுக்குப் போற நீங்கள் உதைப் பற்றிக் கதைக்கலாமோ?"

"நான் செய்வனோ எண்டு ஆரும் கேக்கேல்லைத் தம்பி. முடிவு ஆற்ற கையில எண்டுதான் நான் கேக்கிறன்."

மே 25, ஞாயிறு, பிற்பகல் 3.10. கட்டடத்தின் கூட்ட அறையில் நாற்பத்தாறு பேர். கிளடிஸ் கேட்டார். "என் நிலைப்பாடு என்றைக்கும் மாறியதில்லை" என்றார் வேட்பாளர். கிளடிஸ் என்னைப் பார்த்தார். எழுந்து இரண்டு பதில்களையும் தேதியோடு வாசித்தேன். பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது.

"மாறினது பிழையில்லை. கட்சியளும் மாறுது, நானும்தான் மாறினன்" என்று தமிழில் சொல்லிவிட்டு, அதையே கிளடிஸ் ஆங்கிலத்திலும் சொன்னார். "மாறேல்லை எண்டதுதான் பிழை. மாறினனான் எண்டு எழுதிக் கையெழுத்து வையுங்கோ."

வேட்பாளர் மணிக்கூட்டைப் பார்த்தார், கிளம்பிவிட்டார். 'கையெழுத்திட மறுத்தார்' என்று எழுதினேன். ஜூன் 2இல் மறுபடியும் வென்றார்.

ஒரு கிழமை கழித்துப் பிரியந்தன் வந்தான். ஒரு சின்ன மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் ஃபைல் நகரும் என்றான். கிளடிஸ் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: "நான் கேட்டது கேள்வி. அடுத்தமுறையும் கேட்பேன். என் தாயாரின் விண்ணப்ப எண் மேலே உள்ளது. அதைக் கவனிப்பது உங்கள் வேலை."

வாசித்த பிரியந்தனுக்கு முகம் கறுத்துவிட்டது. "உதை அனுப்பினா அம்மா வந்த மாதிரித்தான், அன்ரி."

"அவர் பிச்சை போட்டு என்ர அம்மா வரத் தேவையில்லை. முத்திரை ஒட்டுங்கோ, அண்ணை."

கடிதத்துக்குப் பதில் இல்லை. 1997 ஜூன் 17இலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் வேலை முடிந்ததும் கிளடிஸ் அந்த அலுவலகத்துக்குப் போய், முன் நாற்காலியில் இருந்து, விண்ணப்ப எண்ணைச் சத்தமாகச் சொல்லி விசாரிக்கிறார். மூன்று செவ்வாய்களில் விடுமுறையாலும் பனியாலும் அலுவலகம் பூட்டியிருந்தது. இன்று 1998 பெப்ரவரி 7. இதுவரை முப்பத்தொரு தடவை போயிருக்கிறார்.