வழுக்காத அறை

சுவரோரம் சாய்த்து வைத்த செல்போனின் வீடியோவில் நௌஷாத்தின் கால்கள் மட்டும் தெரிந்தன. பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, வேளாங்கண்ணி லாட்ஜ் ஒன்றின் குளியலறையில் சோப்புத் தண்ணீரைக் கொட்டி, வெறுங்காலால் முன்னும் பின்னும் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லா பாத்துக்க நுஸைபா. க்ரிப்பே இல்ல. இங்கல்லாம் உன்னக் கூட்டிட்டு வர முடியாது."

திருவாரூர் வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த அவன் மனைவி, "சரி மச்சான்" என்றாள்.

நௌஷாத் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். முகம் பார்த்துத் தலைசீவிக்கொள்ளும்படியான பளபளப்பு டைல்ஸை ஊரில் பாதி வீடுகளுக்கு விற்றவன் அவன்தான். "தண்ணி பட்டா வழுக்குமா?" என்று கேட்பவர்களிடம், "பழகிடும்ங்க" என்பான். நுஸைபா உண்டானதிலிருந்துதான் தரை என்றாலே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

குழந்தை பிறப்பதற்குள் இருவரும் எங்கேயாவது போய் இரண்டு நாள் ஓய்வாக இருந்துவிட்டு வரலாம் என்றதும் அவன்தான். "பொறந்துட்டா தூக்கமே கெடையாதாம். அதுக்கு முன்னாடி ரிலாக்ஸ் பண்ணிக்குவோம்." டாக்டரும் காரில் மெதுவாகப் போய்வரச் சொல்லிவிட்டார். கடல் தெரிந்தால் போதும் என்றாள் நுஸைபா. ஏழாம் மாதம் முடிந்ததும் கூத்தாநல்லூரிலிருந்து அவள் அம்மா வந்து பிரசவத்துக்கு அழைத்துப் போய்விடுவார். அப்புறம் வாசல் தாண்ட விடமாட்டார்கள்.

ஆனால் தெரியாத இடத்துக்குப் பிள்ளைத்தாச்சியை எப்படிக் கூட்டிப்போவது? சனிக்கிழமைதோறும் நௌஷாத் தனியாகக் கிளம்பிப் பார்த்துவந்தான். முத்துப்பேட்டையில் படகு ஆடியது. எதற்கும் இருக்கட்டுமென்று இன்னொரு சுற்றும் போய்வந்து உறுதிசெய்துகொண்டான். கும்பகோணம் ரிசார்ட்டில் நீச்சல்குளம் ஆழம் அதிகம். அதைக் கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் முழுக்க நீந்த வேண்டியிருந்தது. ஞாயிறு இரவு, நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு வீடு வந்து, "உனக்காக எவ்ளோ அலைச்சல் தெரியுமா?" என்று சோபாவில் சாய்வான். நுஸைபா டீ போட்டுக்கொடுப்பாள்.

சண்டை போட்டிருக்கலாம். ஆனால் வீட்டில் அவள் குளிக்கப் போனாலும் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "குழாயப் புடிச்சிருக்கியா?" என்று நடுங்குகிற குரலில் கேட்பான். அந்தப் பயத்தில் பொய் இல்லை. பயப்படுகிறவனோடு எப்படிச் சண்டை போடுவது?

அம்மா வர வேண்டிய வாரமும் வந்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை தரங்கம்பாடியிலிருந்து வீடியோவில் வந்தான். "இது கொஞ்சம் தேவல போலிருக்கு" என்று கால்கள் முன்னே போயின, பின்னே வந்தன. திடீரென்று கால்கள் இருந்த இடத்துக்கு முகம் வந்தது.

"வழுக்குது" என்றான்.

கொஞ்ச நேரத்தில் லாட்ஜ் மேனேஜர் மதிவாணன் பேசினார். "கணுக்கால் பெசகிடுச்சும்மா. டாக்டர் வந்து கட்டுப் போட்டுட்டாரு. ரெண்டு நாள் கால ஊனக் கூடாதாம். யாராச்சும் வந்து பாத்துக்கிட்டா நல்லதுங்க."

நுஸைபா தம்பி அன்சாரைக் கூப்பிட்டுக் காரை எடுக்கச் சொன்னாள். அடிபட்டவனைப் பார்க்கப் போகிறவள் தன் தலையணையையும், இன்னும் பிரிக்காத புது நைட்டியையும், வறுத்த முந்திரி டப்பாவையும் ஏன் எடுத்து வைக்கிறாள் என்று அன்சார் கேட்கவில்லை. கார் கடற்கரைச் சாலையில் திரும்பியதும் கண்ணாடியை முழுசாக இறக்கச் சொன்னாள்.

அறைக்குள் போனதும் மதிவாணனிடம், "பாத்ரூமுக்கு ஒரு ரப்பர் மேட் கெடைக்குங்களா?" என்றாள். அவர் உடனே கொண்டுவந்து விரித்தார். கட்டிலில் கிடந்த நௌஷாத் அந்த மேட்டையே பார்த்தான். இப்படி ஒரு பொருள் உலகத்தில் இருப்பதும், அதைத் தன் கடையிலேயே ஒரு மூலை நிறைய அடுக்கியிருப்பதும் அவனுக்கு அப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும்.

"ரெஸ்ட் எடுக்க வேண்டிய நேரத்துல உன்ன இவ்ளோ தூரம் அலைய வச்சிட்டேன்."

"பரவால்ல மச்சான்."

அன்சார் திரும்பிப் போனான். நௌஷாத்துக்குத் தண்ணீர் கொடுத்து, மாத்திரை கொடுத்து, போர்வையை இழுத்துவிட்டு, நுஸைபா பால்கனிக்கு வந்தாள். எதிரே கடல். மதிவாணன் அனுப்பிய இறால் வறுவல் சூடாக இருந்தது.

"நுஸைபா, இந்த ஃபேனக் கொஞ்சம் கூட்டி வையேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவள் திரும்பாமலேயே பக்கத்து நாற்காலியை இழுத்து, இரண்டு கால்களையும் தூக்கி அதன்மேல் நீட்டிக்கொண்டாள்.